வராத வரி

“எனக்கு இந்த வேலை வராது, சிஸ்டர். ஆயரைப் பார்த்துச் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

இன்னாசி சாமி இதைச் சொன்னபோது தெக்லா சிஸ்டர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எந்த வேலை?”

“பங்குச் சாமியாரா இருக்குற வேலை.”

சிஸ்டர் ஒரு ஈர்க்கை உருவிப் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“சொல்லுங்க.”

இன்னாசி சாமிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சாமியார் ஆகப் படிப்பவர்களுக்குக் குருமடத்தில் வேதாகமம் கற்பித்தவர். கிரேக்கம் தெரியும், எபிரேயம் தெரியும். அவரிடம் படித்தவர்கள் மறைமாவட்டம் முழுக்கப் பங்குகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஒரு பங்கையும் நடத்தியதில்லை.

கடற்கரை ஊர் ஒன்றின் கோவிலைப் பார்த்துவந்த பங்குச் சாமியார் நோயில் விழுந்தார். ஆயர் இவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தெக்லா சிஸ்டர் இவரைவிடப் பத்து வயதாவது இளையவர். உப்பளங்களைத் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் ஒரு தியான இல்லம். அங்கே வேறு சில சிஸ்டர்களோடு இருந்தார். பேச்சு குறைவு. ஆனாலும் அவரைத் தேடி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் பாதிப் பதிலோடு திரும்பிப் போவார்கள். மீதியை வழியில் யோசிப்பார்கள்.

சாமி இவரைக் குருவாக ஏற்ற கதை சின்னது.

ஒருமுறை அந்த இல்லத்துக்குப் பூசை வைக்க வந்தவர், தாழ்ச்சியைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். பூசை முடிந்து காபி கொடுக்கும்போது தெக்லா சிஸ்டர் கேட்டார்.

“ஃபாதர், நீங்க சொன்னதுல எது உங்களுக்கு நடந்துச்சு?”

சாமி காபியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அன்றிலிருந்து, மனசு எங்காவது தட்டி நின்றால் பைக்கை உப்பளத்துப் பாதையில் திருப்புவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போது தட்டி நின்ற இடத்தைச் சொன்னார்.

ஊரில் செபஸ்தியம்மாள் என்று ஒரு விதவை. அவளுக்கு ஒரு மகன், ரெக்சன். ஒரு மகள், ஜெனிட்டா. ரெக்சன் கூட்டாளிகளோடு கடலுக்குப் போனான். காற்று மாறி அடித்துப் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். ரெக்சனை மட்டும் காணவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தவள்தான் செபஸ்தியம்மாள். இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. யாரோடும் பேச்சில்லை. மகள் கெஞ்சிக் கெஞ்சிக் கஞ்சி ஊட்டினால் இரண்டு வாய் இறங்கும், மூன்றாவது வாய் வழிந்துவிடும். இறந்தவனுக்கு ஆத்துமப் பூசை வைக்கலாமா என்று ஊர்க்காரர்கள் கேட்டால் கையை மட்டும் அசைப்பாள். வேண்டாம்.

மகனுக்குப் பூசை இல்லை. அவளுக்குச் சாப்பாடு இல்லை. இப்படியே போனால் அவளுக்குச் சவப்பெட்டி செய்ய வேண்டிவரும் என்று ஊர்க் கமிட்டியார் வந்து சாமியிடம் சொன்னார்கள். சாமி போய் நாலு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றார்கள்.

சாமி போனார். நாலு வார்த்தை அல்ல, நிறையவே சொன்னார். சாவிலிருந்து எழுந்த லாசரைப் பற்றிச் சொன்னார். செத்த மகனை உயிரோடு திரும்பப் பெற்ற நயீன் ஊர்க் கைம்பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஆண்டவர் அந்தத் தாயைக் கண்டு மனம் உருகியதை எடுத்துச் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே செபஸ்தியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

“சாமிக்கு எத்தன பிள்ள?”

அத்தனை நாளில் அவள் பேசியது அதுதான். அதற்குப் பிறகும் பேசவில்லை.

சாமி எழுந்து வந்துவிட்டார்.

“இருபது வருஷமா மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், சிஸ்டர். அந்தம்மாகிட்டச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

கீரை பாதி ஆகியிருந்தது.

பிறகு, “கிணத்தடியில அந்தச் சமாரியப் பொண்ணுகிட்ட ஆண்டவர் முதல்ல என்ன சொன்னாரு, ஃபாதர்?” என்றார்.

இது சாமியின் சொந்த நிலம். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“குடிக்கத் தண்ணீர் கேட்டார்.”

“குருமடத்துல அதுக்கு என்ன விளக்கம் கொடுப்பீங்க?”

சாமி சொன்னார். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையைச் சொன்னார். பழைய ஏற்பாட்டில் எங்கெல்லாம் கிணற்றடியில் பெண் பார்த்தார்கள் என்று சொன்னார். யோவான் நற்செய்தியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வருவதைச் சொன்னார். கீரை முழுக்க ஆய்ந்து முடியும்வரை சொன்னார்.

“நல்லா இருக்கு” என்றார் சிஸ்டர். “அவருக்குத் தாகமா இருந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?”



சிஸ்டர் கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

•

திரும்பி வரும் வழி முழுக்க சாமி அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெயிலில் கண் கூசியது.

கடவுளின் மகன் ஒரு பெண்ணிடம் கேட்டு நின்றார். கொடுக்க வந்தவர் வாங்க நின்றார். அப்படியானால் நானும் செபஸ்தியம்மாளுக்கு எதையும் கொடுக்கப் போகக் கூடாது. அவளிடம் கேட்க வேண்டும்.

ஊர் வருவதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் செபஸ்தியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகெலும்பு ரவிக்கைக்கு மேலாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“அம்மா, கொஞ்சம் தண்ணி தருவீங்களா?”

அவள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, தண்ணீர்ப் பானை இருந்த பக்கம் காட்டினாள். கை மறுபடி மடியில் விழுந்தது.

ஜெனிட்டா ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். மீதம் வைத்தால் மரியாதையாக இருக்காது. சாமி முழுவதையும் குடித்தார். சிறிது நேரம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜெனிட்டா பின்னாலேயே வந்தாள். அம்மா ராத்திரி எல்லாம் கண்ணை மூடுவதில்லை என்றும், நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை என்றும், தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குளுக்கோஸ் ஏற்றலாம், பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

“நீங்க வந்தா சரியாயிரும்னு எல்லாரும் சொல்லுதாவ, சாமி.”

சாமி தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

•

“கேட்டுப் பார்த்தேன், சிஸ்டர்.”

“தாகமா இருந்துச்சா?”

“இல்ல. மோர் குடிச்சிட்டுத்தான் போனேன்.”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாமிக்கும் வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் சாமியின் முகம் ஒரேயடியாக மாறியது. அவள் செத்துப்போய்விடுவாள் போலிருக்கிறது என்றார். அந்தப் பெண்பிள்ளை தன்னை நம்பி நிற்கிறது என்றார்.

“அடுத்து நான் என்ன செய்யணும், சிஸ்டர்?”

“தெரியாது.”

சாமி காத்திருந்தார். தெக்லா சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்குள் இன்னொரு வார்த்தை இருக்கும். தெரியாது என்றால் என்ன? அறியாமையே அறிவின் தொடக்கம் என்கிறாரா? நீ அறிந்ததாக நினைப்பதை விடு என்கிறாரா? சாமிக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“இதுக்கு உள்ளர்த்தம் என்ன, சிஸ்டர்?”

“உள்ளர்த்தம் ஒண்ணும் இல்ல, ஃபாதர். எனக்கு நிஜமாவே தெரியாது.”

சாமிக்குக் கோபம் வந்தது. இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று நினைத்தார். சொல்லவில்லை. ஆனால் சிஸ்டருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“மறுபடியும் போவீங்கல்ல?”

“போய்த்தானே ஆகணும்.”

“போகும்போது கையில என்ன கொண்டு போவீங்க?”

பைபிள், ஜெபப் புத்தகம், தோளில் போடும் துண்டு, தீர்த்தம் என்று சாமி சொன்னார். என்ன பேசுவது என்று முந்தின நாளே குறித்து வைத்துக்கொள்வதையும் சொன்னார்.

“எல்லாத்தையும் வச்சிட்டுப் போங்க.”

“பைபிளுமா?”

“அதுதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே.”

“வெறுங்கையோட போய் நான் என்ன பண்றது?”

“அதான் தெரியாதுன்னு சொன்னேனே” என்றார் சிஸ்டர். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, “நாளைக்குக் காலையில இங்க எல்லாரையும் உங்களுக்காக வேண்டிக்கச் சொல்றேன்” என்றார்.

“எனக்காகவா? செபஸ்தியம்மாளுக்கு இல்லையா?”

“அவங்களுக்காகத்தான் நீங்க போறீங்களே.”

•

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமி அங்கியைக் கழற்றி மாட்டினார். சாதாரணச் சட்டை வேட்டியோடு கிளம்பினார். வாசலைத் தாண்டும்போது வழக்கம்போலக் கை பைபிளைத் தேடியது. கையை இழுத்துக்கொண்டார்.

வழியெல்லாம் யோசனை ஓடியது. ஒரு வசனம் வந்தது, தள்ளிவிட்டார். ஒரு உவமை வந்தது, அதையும் தள்ளினார். அந்த வீட்டுப் படியில் கால் வைத்தபோது மனசுக்குள் ஒன்றுமே இல்லை. வெறும் பயம்தான் இருந்தது.

செபஸ்தியம்மாளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய முதுகைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

சாமியார் வந்திருக்கிறார் என்று தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாமி பேசுவார் என்று பார்த்தார்கள்.

சாமி பேசவில்லை.

நேரம் போனது. யாரோ இருமினார்கள். வெளியே கோழி ஒன்று கெக்கரித்துக்கொண்டு ஓடியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று சாமி, ஜெபமாலை சொல்லலாமா என்று ஜெனிட்டாவிடம் மெல்லக் கேட்டார். தன்னிடம் மாலை இல்லை என்றும் சொன்னார். சாமியாரிடம் மாலை இல்லையா என்று அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு எழுந்து, மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியதை எடுத்துவந்து கொடுத்தாள். மரமணி மாலை. விரல் பட்டுப் பட்டு மணிகள் கறுத்திருந்தன.

“அண்ணனோடது, சாமி” என்றாள். “எப்பவும் கழுத்துல போட்டுட்டுத்தான் போவான். அன்னைக்கு மறந்துட்டான்.”

சாமி மாலையை வாங்கிக்கொண்டார். சிலுவை அடையாளம் போட்டார். விசுவாசப் பிரமாணம் சொன்னார். பரலோக மந்திரம் சொன்னார். பெண்கள் கூடச் சொன்னார்கள். முதல் மணியைப் பிடித்தார்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க. ஆண்டவர் உம்முடனே. பெண்களுக்குள் ஆசீர் பெற்றவர் நீரே. உம்முடைய திருவயிற்றின்...”

நின்றுவிட்டது.

தாய் மடியில் கற்ற ஜெபம் அது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவைக்குக் குறையாமல் சொல்லி வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாக்கு தானாகச் சொல்லும். இன்றைக்கு நாக்கு அந்த இடத்தில் நின்றது. எதிரே ஒரு தாயின் முதுகு இருந்தது. கையில் அவள் மகனின் மாலை இருந்தது. அடுத்த சொல் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை இந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுபடி தொடங்கினார்.

“உம்முடைய திருவயிற்றின்...”

பெண்கள் காத்திருந்தார்கள். அது முன்மொழிகிறவர் முடிக்க வேண்டிய வரி. அவர் முடித்தால்தான் அவர்கள் மறுபாதியைச் சொல்ல முடியும்.

சாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“எனக்கு வரல, அம்மா” என்றார்.



பிறகு சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நெடுநாள் திறக்காத கதவு மாதிரி கரகரத்தது.

“உம்முடைய திருவயிற்றின் கனியாகிய சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே.”

இயேசுவைச் சேசு என்ற அந்தக் காலத்துப் பாடம். அவளுடைய அம்மா சொல்லிக் கொடுத்தபடி சொன்னாள்.

அப்புறம் சாமியும் பெண்களோடு சேர்ந்து மறுபாதியைச் சொன்னார். “தூய மரியே, இறைவனின் தாயே, பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக...”

அவர்கள் முடித்ததும் அடுத்த மணியை அவளே தொடங்கினாள். அதற்கடுத்ததையும் அவளே. சாமி மாலையை நீட்டினார். அவள் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள். மணிகளை விரல்களால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பத்துப் பத்து மணியாக ஐந்து காரணிக்கமும் அவள்தான் முன்மொழிந்தாள். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. அப்போதெல்லாம் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் தடுமாறியபோது சாமி எடுத்துக்கொண்டார். எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

முடிந்ததும் செபஸ்தியம்மாள் தரையில் கையை ஊன்றி, மெல்ல மெல்லத் திரும்பினாள். கண்கள் குழியில் கிடந்தன. சாமியைப் பார்த்தாள். அவர் முகத்தில் காய்ந்திருந்த கண்ணீர்த் தடத்தைப் பார்த்தாள்.

“பூசைய என்னைக்கு வைக்கலாம், சாமி?”

“நீங்க சொல்ற அன்னைக்கு, அம்மா.”

அவள் மகளைப் பார்த்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள். ஜெனிட்டா அடுக்களைக்குப் போகவே மறந்து, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

•

ரெக்சனுக்கு வைத்த பூசைக்கு ஊரே வந்தது. அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. செபஸ்தியம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சாமியின் பிரசங்கம் அன்றைக்கு மிகவும் சின்னது. நடுவில் ஓரிடத்தில் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆயரைப் பார்க்கப் போகும் எண்ணம் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கு நினைவில்லை.

பூசைக்குப் பிறகு ஒருநாள் சாயந்தரம் உப்பளத்துப் பாதையில் பைக்கைத் திருப்பினார். தெக்லா சிஸ்டர் தோட்டத்தில் வாழைக்குக் கட்டை ஊன்றிக்கொண்டிருந்தார். சாமி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிஸ்டர் கயிற்றைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் விளங்கல, சிஸ்டர்” என்றார் சாமி. “நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன். அந்த வீட்டுல நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுமே செய்யலையே.”

சிஸ்டர் முடிச்சை இறுக்கினார். அவர் முகத்தில் சாமி இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது.

“ஃபாதர், அந்தம்மா ஒருநாள் இங்க வருவாங்களா?”

“கேட்டுப் பார்க்கிறேன். எதுக்கு, சிஸ்டர்?”

“எனக்கு ஜெபம் வராம ரொம்ப காலமாச்சு” என்றார் தெக்லா சிஸ்டர். “அவங்க தொடங்கி வச்சா, கூடவே நானும் சொல்லிடுவேன்.”